பைய

பதினோரு வருஷமாகத் தலைகளைப் பிடித்திருக்கிறேன்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழலில்
பஸ் உறுமல் ஜன்னல் வழி நுழையும் அறையில்
இடப்பக்கம் சரிந்து படுத்த தலைகள்.
"மூக்கால மூச்சு விடணும், இப்ப தீந்திரும்"
என்று எத்தனை காதுகளில் பொய் சொன்னேன்,
கணக்கில்லை.

சித்திரையில் என் முறை வந்தது.
மூன்று மாதமாய் எரிகிற வயிறு,
கையில் எங்கள் அறைக்கே எழுதிய சீட்டு.
தொண்டையில் அடித்த மருந்து
பச்சை ஏத்தங்காய்க் கறையாய் நாக்கில் ஒட்டியது.
பல்லிடையில் பிளாஸ்டிக் வளையம்.
ஊசி ஏறியது. ஏறிய கையோடு
குழாயும் இறங்கியது.
டாக்டர் பொறுக்கவில்லை.
பக்கத்தில் நான் நின்ற நாட்களிலும்
பொறுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.
ஓக்காளம். மூக்கு வழியாகக் கண்ணீர்.
ஸ்டெல்லாபாய் என் நெற்றியை அழுத்தி
என் வாக்கியத்தையே எனக்குச் சொன்னாள்:
இப்ப தீந்திரும்.
எல்லாம் முடிந்து குழாயை உருவிய பிறகு
வந்து சேர்ந்தது தூக்கம்,
பந்தி எடுத்தபின் வந்திறங்கும் சம்பந்தி மாதிரி.

வேலைக்குத் திரும்பிய அன்றே
டாக்டர் வின்ஸ்லாலிடம் சொன்னேன்:
ஊசி போட்டா ரெண்டு நிமிஷம் பொறுக்கணும் சார்.
"ஒரு நாளைக்கு இருபத்திமூணு பேரு, ஜெபக்கனி.
நாப்பத்தாறு நிமிஷம் யாரு தருவா?"
பெருக்கலில் அவர் கெட்டி.
நான் தாறேன், சாப்பாட்டு நேரத்துல இருந்து, என்றேன்.
அவருடைய சாப்பாடும் அதே நேரத்தில்தான்;
அதைச் சொல்லவில்லை.

ஒரு மில்லிகிராம். பிறகு சுவர்க்கடிகாரம்.
இமை கனக்கிறதா, சொல் குழைகிறதா, பார்.
போதவில்லையா, இன்னும் அரை. மறுபடி கடிகாரம்.
பீரோ தூக்குகிறவர்களிடமும்
தொட்டிலில் பிள்ளையை இறக்குகிறவளிடமும்
எங்கள் ஊரில் ஒரே சொல்தான் சொல்வோம்: பைய.
மருந்துச் சீட்டில் அதை எழுத
கட்டம் இல்லை.

அந்த இரண்டு நிமிஷத்தில் சும்மா நிற்க முடியவில்லை.
உங்க வீட்டுல என்ன மரம் நிக்குது, என்று
கேட்கத் தொடங்கினேன்.

அருமனையில் பால் வெட்டும் ராஜையன்:
"ரப்பருக்க எடையில ஒரு அயனி, எங்கப்பன் அத..."
தேங்காய்ப்பட்டணம் சூசைமரியான்:
"கடக்கரையில மரம் ஏது சிஸ்டர்,
ஒரு பூவரசு உண்டு, அதுலதான் வலைய..."
கருங்கல் அண்டியாபீசில் தோடு உடைக்கும் தங்கபாக்கியம்:
"வரிக்கைச் சக்க. ஆனா இந்த வருஷம் அது..."

ஒருவரும் வாக்கியத்தை முடித்ததில்லை.
அறுந்த இடத்தில் டாக்டருக்குத் தலையசைப்பேன்.
விழித்தபின் கேட்டால்
"நீங்க எப்ப கேட்டிய?" என்கிறார்கள்.
அந்தத் துண்டை மருந்து தின்றுவிடுகிறது.
கையுறைப் பெட்டி அட்டையைக் கிழித்து
பின்பக்கம் எழுதி வைக்கிறேன்:
பாதி அயனி, பாதி பூவரசு.

எப்போதும் இப்படி நடப்பதில்லை.
குழித்துறை லாரிக்காரர் ஒருவர், தினம் குடி,
ஊசி அவருக்குத் தூக்கம் தரவில்லை, சண்டை தந்தது.
குழாயைப் பிடித்து இழுத்தார், நிறுத்திவிட்டோம்.
மயக்க டாக்டர் வரும் வியாழனுக்கு
இன்னொரு சீட்டு எழுதினோம்.

தங்கபாக்கியம் முப்பத்தாறு கிலோ.
பாதியளவுதான் போட்டோம்.
திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு,
ஒன்றுமில்லை என்றது.
அதன் கீழே, புதிதாய் வாங்கிய கருவியில்,
மூச்சின் அலை மட்டும்
வள்ளம் போனபின் காயலாய்ப்
படுத்துவிட்டது.
தாடையைத் தூக்கி, காதருகில் கத்தினேன்:
சக்கைக்கு என்ன ஆச்சு?
மூச்சு விடுங்க, சக்கைக்கு என்ன ஆச்சு?
ஒரு அலை எழுந்தது. இன்னொன்று.
வின்ஸ்லாலின் கை
குழாயைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது,
அத்தனை நேரமும்.

மூன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம்.
மீன்குழம்பில் ஏடு கட்டியிருந்தது.
"கேட்டியா அவளிட்ட?" என்றார்.
கேட்டேன் சார்.
மகளின் தோளைப் பிடித்து
ஆட்டோ ஏறும்போது கேட்டேன்.
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.
"சக்கயா? எங்க வீட்டுல
சக்க மரமே இல்லியே."